பொருள்: கணினிப் பெட்டியின் விசிறிகளுக்குப் பெயர் – ‘தள்ளுவிசிறி’ சரிவராது

அன்புடையீர், வணக்கம்.

> இன்டேக், எக்சாஸ்ட் இரண்டுக்கும் முறையே இழுவிசிறி, தள்ளுவிசிறி என்றே வைத்துவிடலாம்.

இதை ஏற்க முடியவில்லை. நீர்மத்தால் குளிர்விக்கும் கணினியில் விசிறிக்கு இரண்டு கணக்குகள் உண்டு. காற்று பெட்டிக்குள் வருகிறதா, வெளியே போகிறதா என்பது ஒன்று. செயலியின் (பிராசசர்) சூட்டை ஏந்திவரும் நீர்மத்தை ஆற்றும் ரேடியேட்டருக்குள் விசிறி காற்றைத் தள்ளுகிறதா, மறுபக்கம் நின்று இழுக்கிறதா என்பது மற்றொன்று. பெட்டியின் மேல்பக்கம் ரேடியேட்டரைப் பொருத்தி, அதன் அடியில் விசிறிகளை வைத்தால் அவை தள்ளுகின்றன, காற்று வெளியேறுகிறது. முன்பக்க ரேடியேட்டருக்கு வெளிப்புறம் அதே விசிறிகளை வைத்தாலும் தள்ளத்தான் செய்கின்றன. ஆனால் காற்று உள்ளே வருகிறது. கையேட்டில் வெறுமனே ‘தள்ளுவிசிறி’ என்று எழுதினால் பொருத்துபவர் எதைச் செய்வார்?

லாரியில் விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் இருந்து காற்றை இழுக்கிறது. சங்ககிரிப் பட்டறைகளில் ‘இழுவிசிறி’ என்றால் அதைத்தான் நினைப்பார்கள். அந்தச் சொற்களை ரேடியேட்டருக்கே விட்டுவிடுவோம். பெட்டிக்கு ‘உள்ளேற்று விசிறி’, ‘வெளியேற்று விசிறி’ என்று முன்மொழிகிறேன். ‘உள்ளிழுப்பு’ வேண்டாம், அதிலும் ‘இழு’ ஒளிந்திருக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ரேடியேட்டர் தன் வழியே போகும் காற்றைவிடக் குளிர்ச்சியாக நீர்மத்தை ஆக்க முடியாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் விசிறி இடம் மாறியிருந்தாலும் ஒப்பேறிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒவ்வொரு பாகைக்கும் மதிப்புண்டு. ரேடியேட்டரை முன்பக்கம் உள்ளேற்றாக வைத்தால் செயலி நன்றாகக் குளிரும். சூடேறிய காற்று வரைகலை அட்டையின் (கிராபிக்ஸ் கார்டு) மேல் போய் விழும். மேல்பக்கம் வெளியேற்றாக வைத்தால் செயலி சற்றே சூடாகும், அட்டை பிழைக்கும்.

தூசியையும் பார்க்க வேண்டும். அம்மாபேட்டையில் தறிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில், சேலைக்கரை வடிவமைக்கும் கணினியைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பஞ்சு பாய் விரித்ததுபோல் படிந்திருந்தது. விளக்கொளி மறுபுறம் தெரியவில்லை. இத்தகைய இடங்களில் உள்ளேற்றும் காற்று, வெளியேறுவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இண்டு இடுக்குகள் வழியே பஞ்சு நுழையாது. காற்று வடிகட்டி வழியாக மட்டும் வரும்.

ரேடியேட்டருக்குச் சொல்லப்படும் ‘கதிர்வீசி’ என்ற பெயர் பற்றி ஒரு வரி: வெப்பத்தில் பெரும்பங்கை அங்கே கொண்டுபோவது காற்றுதான், கதிர்வீச்சு அன்று. ரேடியேட்டர் என்றே இருக்கட்டும்.

கையேட்டு வரி இப்படி அமையும்:

“மேலே 240 மி.மீ. ரேடியேட்டர், அதன் அடியில் 120 மி.மீ. வெளியேற்று விசிறிகள் இரண்டு, தள்ளுநிலையில். முன்னே வடிகட்டியுடன் உள்ளேற்று விசிறிகள் மூன்று.”

மாற்றுச் சொல் தருபவர்கள் அதை இந்த வரியில் பொருத்தி எழுதுங்கள்.