அக்சஸ் கோப்பு திறக்க மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் அரிசி மண்டியின் பில்லும் கடன் பாக்கியும் ஒரே அக்சஸ் (மைக்ரோசாப்ட் ஆபீஸின் டேட்டாபேஸ் மென்பொருள்) கோப்பில் இருக்கின்றன. நேற்று பில் போடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது திறந்தால் டேட்டாபேஸ் சீரற்ற நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. ஆபீஸை ரிப்பேர் செய்தும் பலனில்லை. பாக்கிக் கணக்காவது மீளுமா?

பதில்:
ஆபீஸ் ரிப்பேர் மென்பொருளைத்தான் சரிசெய்யும், உங்கள் கோப்பைத் தொடாது. முதலில் கோப்பை நகலெடுங்கள். இனி எல்லாம் நகலில்தான். அப்புறம் அக்சஸை மட்டும் திறந்து, டேட்டாபேஸ் டூல்ஸில் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் (கோப்பைச் சுருக்கிச் சரிசெய்யும் வசதி) கொடுத்து நகலைக் காட்டுங்கள். அதுவும் தோற்றால், புதிய வெற்றுக் கோப்பில் டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்யுங்கள். மொத்தமாக இழுத்தால் ஒரு கெட்ட டேபிள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

கேட்டவர்:
பாக்கி டேபிள் முழுசாக வந்துவிட்டது, மிக்க நன்றி! பில் டேபிள் மட்டும் பாதியில் நிற்கிறது.

இன்னொரு பதில்:
சரி, பழைய பில் டேபிளைப் புதிய கோப்பில் லிங்க் செய்து, பில் எண் வரம்பு வைத்து அப்பெண்ட் குவெரி (ஒரு டேபிளின் பதிவுகளை இன்னொன்றில் சேர்க்கும் கட்டளை) ஓட்டுங்கள். நிற்கிற எண்ணுக்கு முந்தையது ஒரு முறை, பிந்தையது ஒரு முறை. இடையில் விடுபடும் ஓரிரு பில்லைக் கார்பன் நகல் பார்த்து ஏற்றிவிடலாம். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள். அக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி; உங்களுடையது எவ்வளவு இருக்கிறது?