அப்பா பணம் தரமாட்டார், கையெழுத்தும் போடமாட்டார்: அம்மிணியை இன்ஜினியரிங் சேர்க்க வழி உண்டுங்களா?

வெள்ளகோவில் சித்தி (கேள்வி)

வணக்கமுங்க. அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. கணக்குப் பாடப்பிரிவு, கட்-ஆஃப் 158, பி.சி. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. 18 வயது முடிந்துவிட்டது. அவள் அப்பாவுக்கு நாலு ஏக்கர் தோட்டமும் எட்டுத் தறியும் இருக்கிறது. ஆனால் படிப்புக்கு ஒரு ரூபாய் தரமாட்டேன், எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். அக்கா கையெழுத்துப் போடுவாள், கையில் காசில்லை.

இரண்டு பேர் தேடி வந்தார்கள். ஒரு தனியார் கல்லூரி ஆள், இப்பவே 10,000 கட்டி சீட்டைப் பிடியுங்கள், மீதிக்கு லோன் வாங்கித் தருகிறோம் என்கிறார். ஒரு மில்லில், ஹாஸ்டலில் தங்கி வேலை பாருங்கள், பட்டமும் படிக்கலாம், மூன்று வருசம் முடிந்ததும் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்கிறார்கள். எதை நம்புவதுங்க?

கருப்பூர் கவுன்சலிங்

சித்தி, அந்த 10,000 ரூபாயைக் கட்ட வேண்டாமுங்க. நேரடியாகக் கல்லூரியில் பணம் கட்டிப் பிடிக்கிற சீட்டு மேனேஜ்மென்ட் கோட்டா. அதில் சேர்ந்த அன்றைக்கே இவளுக்கு வரவேண்டிய பெரிய உதவிகள் போய்விடும்: 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை இரண்டுமே ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக வந்த அரசு இட ஒதுக்கீட்டுச் சீட்டுக்குத்தான். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால், யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பைக் காட்டி எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்க முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் அம்மிணிக்கு முதல் வழி 7.5 சதவீத ஒதுக்கீடு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் இது உண்டு. இதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு பொறுப்பு. அப்பாவுக்கு எத்தனை ஏக்கர், என்ன வருமானம் என்று இதில் பார்ப்பதில்லை. பள்ளியைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு இதுதான் முக்கியம்.

சறுக்குவது எங்கே என்றால், நடுவில் ஒரே ஒரு வருசம் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் ஒதுக்கீடு கிடைக்காது. அரசு உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துப் பதிந்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளப்படுகிறவர்களும் உண்டு. பள்ளி மாறியிருந்தால் எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்பது எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் சரியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் இப்பவே பார்த்துவிடுங்கள். கலந்தாய்வு தொடங்கிய பிறகு திருத்த நேரம் இருக்காது.

விருப்பப் பட்டியலில் கல்லூரிகளைத் தாராளமாக வரிசைப்படுத்தலாம். கோவை தடாகம் ரோடு அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சித்தோடு அரசு பொறியியல் கல்லூரி, இங்கே கருப்பூரில் சேலம் அரசு பொறியியல் கல்லூரி மூன்றையும் மேலே போடுங்கள். ஒதுக்கீடு வந்ததும் இணையத்தில் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த சுற்றில் சீட் கைவிட்டுப் போகும். தோட்டத்தில் சிக்னல் இல்லை என்றால் அந்த நாட்களில் பக்கத்து உதவி மையத்திலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

"இப்போது கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று சொல்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், ஒதுக்கீட்டு ஆணை நகலோடு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுங்கள்.

இ-சேவை மேசை, தாராபுரம்

பேப்பர் வேலையை நான் சொல்கிறேனுங்க. சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று மூன்றுக்கும் இ-சேவையில் ஒன்றுக்கு 60 ரூபாய். 18 முடிந்துவிட்டதால் அம்மிணியே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேலே போகும், அதனால் தாமதிக்காமல் இப்பவே போட்டுவிடுங்கள்.

7.5-ல் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் சீட் வந்தால் முதல் பட்டதாரிச் சான்று கைகொடுக்கும். இதற்கும் வருமான வரம்பு இல்லை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா என்று யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். மாணவியும் பெற்றோரும் சேர்ந்து தருகிற உறுதிமொழிக்குப் பெற்றோர் தரப்பில் உங்கள் அக்கா கையெழுத்துப் போடட்டும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டுச் சீட்டில் கல்விக் கட்டணத்திலிருந்து வருசம் 25,000 குறையும். 2017-இல் கட்டணக் குழு வைத்த 50,000 என்ற கணக்கில் பார்த்தால் சரிபாதி.

வருமானச் சான்றுதான் சிக்கல். அப்பா தருகிறாரா இல்லையா என்று பார்க்காமல் குடும்ப வருமானம் முழுவதையும் கணக்கில் எடுப்பார்கள். தோட்டத்தையும் தறியையும் மறைத்து எழுத வேண்டாம், விசாரணையில் தெரிந்துவிடும். வருமானம் கேட்காத உதவிகளை முதலில் வாங்கிக்கொண்டு மற்றதைப் பிறகு பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் வருமான வரம்பு கிடையாது. நாலு வருசத்துக்கு 48,000. கல்லூரி வழியாகத்தான் பதியணும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி.

பணம் வராமல் அலைகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வங்கிக் கணக்குதான். பள்ளியில் திறந்த கணக்கு முடங்கியிருக்கும். அல்லது சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் ஒரு பேமென்ட் பேங்க் கணக்கு திறந்து, ஆதார் அதோடு இணைந்திருக்கும். அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். அவள் தனிப் பெயரில் ஒரு கணக்கு திறந்து, "ஆதாரை இதில் சீடிங் செய்யுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். அப்பாவோடு கூட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்று இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள், மார்க் ஷீட்டைத் தொடாதீர்கள்.

வெள்ளகோவில் சித்தி

ரொம்ப நன்றிங்க. எல்லாமே 6 முதல் 12 வரை ஒரே அரசு மேல்நிலைப் பள்ளிதான். 7.5-ல் கிடைக்காமல் போனால் கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்து இல்லாமல் முடியுமா? அவர் தறிக்கு வாங்கிய கடன் வேறு தவணை தவறியிருக்கிறது.

கடன் பிரிவு

முடியுமுங்க. கல்விக் கடனில் மாணவியோடு பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவர் இணைக் கடனாளியாக வரவேண்டும். அது அம்மாவாக இருக்கலாம். அப்பாவைப் போடாமல் இருப்பது உங்களுக்கு நல்லதும்கூட, ஏனென்றால் இணைக் கடனாளியின் சிபில் அறிக்கையைத்தான் (பழைய கடன்களைக் கட்டிய விவரம்) வங்கி எடுக்கும். அக்கா பெயரில் முடிக்காத நகைக்கடன், மகளிர் குழுக் கடன் இருந்தால் முதலில் அதை ஒழுங்கு செய்யுங்கள்.

4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், கைப்பணமும் வேண்டாம். அதற்கு மேல் 5 சதவீதம் நாம் போடணும். 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருப்பதால் ஈடு கேட்கக் கூடாது. உங்கள் கணக்கு 4 லட்சத்துக்குள் அடங்கும்: முதல் பட்டதாரிச் சலுகை போக வருசம் 25,000, விடுதி சாப்பாட்டுக்கு 60,000 என்று வைத்தாலும் நாலு வருசத்துக்கு 3,40,000. கூடக் கிடைக்கிறது என்று அதிகம் வாங்காதீர்கள், அத்தனையும் அம்மிணி சம்பளத்தில்தான் கட்டணும்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி முத்திரையோடு ஆண்டுவாரிக் கட்டண விவரம், இருவரின் கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) போதும். கல்லூரிக் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போகும். படிப்பு முடிந்து ஒரு வருசம் வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்று சான்று கிடைத்து, கல்லூரியோ படிப்போ நாக் அல்லது என்.பி.ஏ. என்கிற தர அங்கீகாரம் பெற்றிருந்தால் அந்தக் கால வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும். சான்றை முதல் வருசமே கொடுக்கணும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கிளையில் வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். கல்விக் கடனை நிராகரிக்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். எழுத்தில் காரணம் கேளுங்கள். திருப்பூர், கோவை மாவட்டங்களுக்கு முன்னோடி வங்கி (லீட் பேங்க்) கனரா, அதன் மாவட்ட மேலாளரிடம் முறையிடலாம். தண்டல், மீட்டர் வட்டி பக்கம் மட்டும் போக வேண்டாமுங்க.

நொய்யல் கரை

மில் விசயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். மூன்று வருசம் கழித்து மொத்தப் பணம் என்பது சுமங்கலித் திட்டம் என்று நம் பக்கம் பெயர்பட்ட அதே ஏற்பாடுதான். நடுவில் உடம்பு முடியாமல் வெளியே வந்தால் பணம் கிடைக்காது. கூலியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அவர்கள் சொல்கிற பட்டம் தொலைநிலைப் பட்டம். இன்ஜினியரிங் தொலைநிலையில் கிடையாது. அசல் மார்க் ஷீட்டை எந்த மில்லிலும் கொடுத்துவிடாதீர்கள்.

கையில் இன்னொரு வழி இருக்கட்டும் என்றால் அரசு கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பதிவோடு சேர்த்து 50 ரூபாய்தான். திருப்பூர் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி இரண்டையும் போடலாம். ஷிப்ட் உள்ள கல்லூரியில் மீதி அரைநாள் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் பார்த்து சனிக்கிழமை சம்பளம் வாங்கலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசு சமூகநீதி விடுதியில் தங்கலும் சாப்பாடும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ. இருக்கணும் என்ற விதி மாணவிகளுக்கு இல்லை, ஆனால் வருமானச் சான்று கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று, வீட்டில் பேசிப் பார்த்து முடியாத பட்சத்தில் மட்டும். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956-இல், பராமரிப்பு என்றால் கல்விச் செலவும் சேர்த்துத்தான். தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத, மணமாகாத மகள் 18 தாண்டினாலும் அப்பாவிடம் இதைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். வழக்குக்கு முன்னால் அங்கேயே சமரசப் பேச்சுக்கும் கேட்கலாம். மேற்படிப்பு பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐக் கூப்பிடுங்கள்.