ரத்தான விமானமும் ஆத்தாவின் டிக்கெட்டும்

போன வருடம் ஆத்தாவைச் சென்னைக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்விட்டு, காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தானில், பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு வந்துசேர வேண்டியிருந்தது. காலை 6:40க்கு மதுரை விமானம். 8 மணிக்கு இறங்கினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஊர். படைப்பு மதியம்தான்.

5 மணிக்கு விமான நிலையம் போனால் விமானம் ரத்து. கவுண்டரில் இருந்தவர், "பணத்தைத் திருப்பித் தருகிறோம், இல்லையென்றால் நாளைக் காலை விமானம்" என்றார். படைப்புக்கு எடுத்த புதுச்சேலைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி ஆத்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைக் கீழே வைக்கவே இல்லை. மதியம் பல்லவன் ரயிலைப் பிடித்து ராத்திரி காரைக்குடியில் இறங்கும்போது படைப்பு முடிந்து எல்லோரும் சாப்பிட்டும் போய்விட்டார்கள்.

அன்று கவுண்டரில் நான் செய்த ஒரே நல்ல காரியம், ரத்துக்கான காரணத்தை எழுதிக் கேட்டது. முதலில் மறுத்தார்கள். அப்புறம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாள்தான் பிறகு கைகொடுத்தது. மழை, புயல், பாதுகாப்பு மிரட்டல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. இயந்திரக் கோளாறு அந்தப் பட்டியலில் இல்லை.

டிக்கெட் பணம் திரும்ப வந்ததோடு கணக்கு முடிந்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடு தனி. பயண நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் 3,900 வந்தது. நிறுவனத்துக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை. மத்திய அரசின் ஏர்சேவா புகார்த் தளத்தில் புகார் போட்ட பிறகுதான் அசைந்தார்கள்.

ஆத்தாவுக்கு மறுத்துவிட்டார்கள். என் டிக்கெட்டை நானே கைப்பேசியில் எடுத்தேன். அவருடையதை ஊர் ஏஜென்ட் எடுத்தார், அதில் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். பயணியின் சரியான தொடர்பு எண் இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏஜென்டிடம் டிக்கெட் எடுக்கிறவர்கள் உங்கள் எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

தாமதம் வேறு கதை. பிராங்க்பர்ட்டில் இருந்து வந்த என் மச்சானுக்கு 5 மணி நேரத் தாமதத்துக்கு ஐரோப்பிய விதிப்படி 600 யூரோ கிடைத்தது. நம் உள்நாட்டு விமானத்தில் தாமதத்துக்குப் பணம் இல்லை. காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்துச் சாப்பாடு தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

ஆத்தாவின் டிக்கெட்டை நான் விடுவதாக இல்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏஜென்ட் வழி எடுத்த டிக்கெட்டுக்கு யாராவது இழப்பீடு வாங்கியிருந்தால் எப்படி வாதாடினீர்கள் என்று சொல்லுங்கள்.