வைட்ஹோர்ஸ், டோசன், டெம்ப்ஸ்டர்: ஒன்பது நாள் காணுமோ?

மழைக்குருவி:
வணக்கம். ஓகஸ்ட் கடைசியிலை நான், மனிசி, பதினொரு வயசு மகன் மூண்டு பேரும் கனடாவின்ரை வடமேற்கிலை இருக்கிற யூகொன் போறம். வைட்ஹோர்ஸ் மட்டும் பிளேன், அங்கை கார் வாடகைக்கு எடுக்கிறது. கையிலை 9 நாள். நான் போட்ட கணக்கு: வைட்ஹோர்ஸ், டோசன் சிற்றி, டெம்ப்ஸ்டர் றோட்டாலை டக்டோயக்டக் போய் ஆர்க்டிக் கடலிலை கால் நனைக்கிறது, திரும்ப டோசன், அங்கையிருந்து அலாஸ்காவிலை சிக்கன் எண்ட ஊர், டோக், க்ளுவானி ஏரியாலை சுத்தி வைட்ஹோர்ஸ், கடைசி நாள் திரும்பவும் அலாஸ்காப் பக்கம், ஸ்காக்வே.

மனிசி இந்தக் கடதாசியைப் பாத்திட்டு "இது லீவோ, தபால் உத்தியோகமோ?" எண்டு கேக்கிறா. மகனுக்குத் தங்கம் அரிச்சாக் காணுமாம். போய் வந்த ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, இது நடக்குமோ? சாதாரண கார் தாங்குமோ?

எட்மண்டன் பழசு:
தம்பி, மனிசி சொல்லுறது சரி. டக்கை, அதுதான் டக்டோயக்டக்கை, வெட்டும்.

டோசனிலை இருந்து டக் போய்த் திரும்ப 1,800 கிலோமீற்றருக்கு மேலை, கிட்டத்தட்ட முழுக்கக் கிரவல், சரளைக்கல்லு. இடையிலை பீல், மக்கென்சி எண்டு ரெண்டு ஆறு. பாலமில்லை, கோடையிலை ஃபெரிதான். ஆறு பெருகினா அதுவும் நிண்டிடும், நீர் இக்கரையிலை குந்தியிருக்க வேண்டியதுதான். அடி நிலம் உறைஞ்சு கிடக்கு. அது இளகாமலிருக்கத்தான் மேலை கிரவலைத் தடிப்பாக் கொட்டி றோட்டுப் போட்டிருக்கினம். அந்தக் கல்லு சில இடத்திலை சவர அலகு மாதிரி. மழை பெய்தாலோ சவர்க்காரம்.

நான் 2018இலை சொந்தக் கார்தானே எண்ட திமிரிலை போனனான். 250ஆம் கிலோமீற்றர் தாண்டினாப் பிறகு பின் டயர் போச்சு. டிக்கியைத் திறந்தா உள்ளை கிடந்தது அந்தச் சின்ன மாத்துச் சில்லு, விளையாட்டுச் சாமான் மாதிரி. போன் வேலை செய்யாது. ஒண்டரை மணித்தியாலம் நுளம்போடை நிண்ட பிறகு ஒரு லொறிக்காரர் நிப்பாட்டி, சில்லை மாத்தித் தந்து, 30க்கு மேலை ஓடாதை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். ஈகிள் பிளெயின்ஸ் எண்ட தரிப்பிடம் 369ஆம் கிலோமீற்றரிலை. தொடக்கத்திலை இருந்து அது மட்டும் வேறை பெற்றோல் இல்லை, கட்டில் இல்லை, டயர் ஒட்ட ஆளும் இல்லை. நாலு மணித்தியாலம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தன். என்ரை மனிசி அந்த நாலு மணித்தியாலமும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அதுதான் கூடப் பயம்.

அதுக்காக டெம்ப்ஸ்டரை விடவேண்டாம். டோசனிலை மூண்டு இரவு வையும். ஒரு நாள் விடிய வெளிக்கிட்டு டூம்ஸ்டோன் பூங்கா மட்டும் போய் வாரும். ஒரு பக்கம் 110 கிலோமீற்றர் மட்டில். ஓகஸ்ட் கடைசியிலை அங்கை புல்லும் பத்தையும் குங்குமச் சிவப்பு. மரமே இல்லை, கறுத்த மலை, காத்து. டக்கிலை கால் நனைக்கிறதை விட இது மேல் எண்டு நான் சொல்லுவன். (டக் போன ஆக்கள் சண்டைக்கு வருவினம், வரட்டும்.)

மகனுக்கு டோசன்தான் ஊர். கிட்டப் போகேக்கை றோட்டின்ரை ரெண்டு பக்கமும் கல்லுக் குவியல் பாம்பு பாம்பா வளைஞ்சு கிடக்கும். ஆத்துக் கல்லெண்டு நினைக்கவேண்டாம். தங்கம் அரிக்கத் தூர்வாரி மெஷின் பள்ளத்தாக்கையே முன்னாலை விழுங்கிப் பின்னாலை கக்கின எச்சம் அது. அதிலை ஒண்டு, நாலாம் நம்பர் தூர்வாரி, இண்டைக்கும் பொனன்சா ஓடையிலை நிக்குது. 1959 வரைக்கும் வேலை செய்தது. உள்ளை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம். அதே றோட்டிலை இன்னும் மேலை போனா 1896 ஓகஸ்டிலை ஸ்கூக்கம் ஜிம், டாகிஷ் சார்லி, ஜோர்ஜ் கார்மாக் தங்கம் கண்ட இடம். பக்கத்திலை ஆரும் காசில்லாமல் அரிக்கக்கூடிய ஒரு துண்டும் இருக்கு. தட்டும் றப்பர் சப்பாத்தும் கொண்டு போம், தண்ணி விரலைக் கடிக்கும்.

தங்கம் கண்ட செய்தி அமெரிக்காவிலை சியாட்டிலுக்கு வந்தது 1897 யூலையிலை. லட்சம் பேரளவிலை வெளிக்கிட்டவை. ஒரு வருசச் சாப்பாட்டுச் சாமான் இல்லாமல் கனடாவுக்குள்ளை பொலிஸ் விடாது. அவ்வளவையும் தோளிலை தூக்கி சில்கூட் கணவாயாலை திரும்பத் திரும்ப ஏறி, 1898இலை டோசன் வந்து பாத்தா, நல்ல ஓடையெல்லாம் எப்பவோ பங்கு பிரிச்சாச்சு. ஊர் பழங்குடிச் சனம், ட்ரொண்டெக் ஹ்வெச்சின், தங்கடை மீன் பிடிச்ச இடத்தை விட்டு மூஸ்ஹைட் எண்ட இடத்துக்குப் போகவேண்டி வந்தது. ஆத்தங்கரையிலை அவையின்ரை பண்பாட்டு மையம் இருக்கு. தூர்வாரியைப் பாக்க முதல் அங்கை போம்.

மற்றது: பெற்றோல் தாங்கி அரைவாசிக்குக் கீழை இறங்க விடாதேயும். பகலிலும் முன் லைற் எரியோணும், அங்கத்தைச் சட்டம்.

கல்கரி மீனா:
அண்ணா, வாடகைக் கார் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரைக்கும் படிச்சுடுங்க. கிரவல் ரோட்டுல போகக் கூடாதுன்னு நிறைய இடத்துல போட்டிருப்பாங்க. மீறினா காப்பீடு செல்லாது. சிக்கன் போற ரோடும் பாதி கிரவல்தான். அலாஸ்காவுக்குள்ள கொண்டுபோக அனுமதியை எழுத்துல வாங்குங்க. நாங்க வாயால கேட்டுட்டுப் போனோம். எதிர்ல வந்த லாரி தெறிச்ச கல்லு கண்ணாடில நட்சத்திரம் போட்டுடுச்சு. திரும்பிக் குடுக்கறப்ப "அப்படி யார் சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. முழுக் கண்ணாடிக்கும் நாங்கதான் கட்டினோம்.

சிக்கன் போக டோசன்ல ஆத்தைக் கடக்கணும், ஃபெரி இலவசம். அந்த ரோட்டுல மலை உச்சியில இருக்கற அமெரிக்க எல்லைச் சாவடி பகல்ல மட்டும், அதுவும் கோடையில மட்டும்தான் திறந்திருக்கும். அலாஸ்கா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி, அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. எங்களை மாதிரி இந்திய பாஸ்போர்ட்னா கனடா பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருந்தாலும் அமெரிக்க விசா வேணும். ஸ்காக்வேக்கும் அதேதான்.

சிக்கன் பேருக்குப் பின்னால ஒரு கதை சொல்றாங்க. அங்க நிறைய இருந்த டார்மிகன் பறவை பேரை ஊருக்கு வைக்க நினைச்சாங்களாம், இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டத் தெரியாம சிக்கன்னு வெச்சுட்டாங்களாம். முன்னாடி ஒரு ஊமை 'பி' வர்ற வார்த்தை அது, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. கையளவு ஊர். பையன் போர்டு முன்னாடி போட்டோ எடுப்பான், அவ்வளவுதான்.

மழைக்குருவி:
பழசு அண்ணை, மீனா, ரெண்டு பேருக்கும் நன்றி. டக்கும் சிக்கனும் வெட்டியாச்சு. இப்ப: வைட்ஹோர்ஸ் 1 இரவு, டோசன் 3, வந்த வழியாலை திரும்பி க்ளுவானி 2, மிச்சம் கார்குரொஸ், ஸ்காக்வே. நாங்கள் கனடாப் பாஸ்போட், எல்லை பிரச்சினையில்லை. மனிசி இப்ப வேறை ஒண்டு கேக்கிறா: கூடாரத்திலை படுத்தா கரடி வராதோ? சமைக்கலாமோ?

எட்மண்டன் பழசு:
சமைக்கலாம், ஆனால் கூடாரத்துக்குத் தள்ளி. சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் இரவிலை காருக்குள்ளை பூட்டி வையும். கரடி ஸ்பிரே பிளேனிலை கொண்டு போகேலாது, வைட்ஹோர்ஸிலை வாங்கும். வாங்கி டிக்கிக்குள்ளை வைக்காமல் இடுப்பிலை கட்டும். தங்கச்சிட்டைச் சொல்லும், கருவாடு இந்த முறை வீட்டிலை நிக்கட்டும்.

வைட்ஹோர்ஸிலை இருந்து டோசன் 530 கிலோமீற்றர் மட்டில், ஒரே நாளிலை ஓடலாம். கார்மாக்ஸ் ஊர் தாண்டி ஐஞ்சு விரல் (ஃபைவ் ஃபிங்கர்) எண்ட வேக நீரோட்டம் வரும், படியாலை இறங்கிப் பாரும். அந்தக் காலத்து நீராவிக் கப்பலை ஆத்தோட்டத்துக்கு எதிரா ஏத்தக் கம்பி கட்டி இழுத்த இடம். திரும்பி வரேக்கை நிக்கலாம் எண்டு விடாதேயும், வரேக்கை எல்லாரும் களைச்சுப் போய் நித்திரை.

ஒரு நாள் எண்டாலும் இரவு பன்ரெண்டுக்கு அலாரம் வைச்சு வெளியிலை வந்து வானத்தைப் பாரும். ஓகஸ்ட் கடைசியிலை அங்கை இருட்டு திரும்பி வந்திடும், வடதுருவ ஒளி, அந்தப் பச்சை வெளிச்சம், ஆடத் தொடங்கும். மகனைத் தூக்கிக்கொண்டு எண்டாலும் வாரும்.