இயேசுவைக் கும்பிடுகிறேன், ஆனால் 'நீங்க கிறிஸ்டியனா' என்று கேட்டால் என்ன சொல்வது?

நொய்யல்கரை கேட்டது:
வணக்கம், எனக்குத் திருப்பூர் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் இயேசு மேல் நம்பிக்கை வந்தது. மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து ஜெபம் பண்ணினார்கள், அதிலிருந்து. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிறேன், பைபிள் படிக்கிறேன், வேறு சாமி கும்பிடுவது இல்லை. பொட்டு வைக்கிறேன், ஞானஸ்நானம் எடுக்கவில்லை. "கும்பிட்டுக்கோ, பேரை மட்டும் மாத்தாதே" என்பதோடு வீட்டுக்காரர் சரி. இப்போது பாஸ்டர் சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்கிறார். கம்பெனியில் யாராவது நீங்க கிறிஸ்டியனா என்று கேட்டால் ஆமாம் என்று வாய் வரமாட்டேன் என்கிறது, இல்லை என்றால் மனசு உறுத்துகிறது. நாங்கள் இந்து ஆதி திராவிடர், பெண் பத்தாவது படிக்கிறாள். என்னைப் போல இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

எலியாவின்_காகம்:
சிஸ்டர், மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், மத்தேயு 10 வாசியுங்கள். ஆனால் ஒன்று, நானும் என்னைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்வதில்லை. இரட்சிக்கப்பட்ட விசுவாசி என்றுதான் சொல்வேன். ஊரில் கிறிஸ்தவன் என்றால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவிலுக்கு வருகிற பெயர்க் கிறிஸ்தவனும் அதில் சேர்ந்துவிடுகிறான்.

தாமிரபரணி_தாத்தா:
காகம் தம்பி, அந்தப் பெயர்க் கிறிஸ்தவன் நான்தான். பாளையங்கோட்டை, நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கோவில் அசன விருந்துக்குப் போவேன், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் எடுப்பேன், எந்தப் படிவத்திலும் யோசிக்காமல் கிறிஸ்தவன் என்று எழுதுவேன். இரட்சிக்கப்பட்டேனா என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பார்க்க வேண்டாம். அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிறிஸ்தவ நாடாருக்கும் இந்து நாடாருக்கும் இடஒதுக்கீடு ஒரே பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். என் வாயில் அந்தப் பெயர் சுலபமாக வருவதற்குப் பாதிக் காரணம் அது. உங்கள் நிலைமை வேறு, எங்களை வைத்து அளக்காதீர்கள்.

வைகைக்_கணக்கு:
தாத்தா சொன்னதைத்தான் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நான் தலித் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அக்கா. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்றது, 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. 2007ல் மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை எடுத்துவிடச் சொன்னது, 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டு அனுப்பியது, அத்தோடு நிற்கிறது. தமிழ்நாட்டில் நாங்கள் எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர்தான். மாநில அரசு படிப்பு உதவித்தொகையை மதம் மாறிய ஆதி திராவிடருக்கும் கொடுக்கிறது, அது ஒரு ஆறுதல். ஆனால் பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் கைவிட்டுப் போகும். சேரியிலிருந்து மட்டும் யாரும் நம்மை வெளியே எடுப்பதில்லை, கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனிப் பகுதி ஒதுக்கிய பங்குக் கோவில்கள் உண்டு.

ரெண்டு பக்கமும் காலை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் 2024 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பாருங்கள். புதுச்சேரிப் பெண் ஒருவர் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போய்வந்தவர், வேலைக்காக இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். மறுத்துவிட்டார்கள், சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றும் சொன்னார்கள். அதனால் பாஸ்டரிடம் கேளுங்கள், திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அதன் விலையை யார் கட்டுவது என்று. அவர் பிள்ளையா, உங்கள் பிள்ளையா? இன்னொன்று, இந்துத் திருமணச் சட்டத்தில் கணவனோ மனைவியோ மதம் மாறியது விவாகரத்துக்கு ஒரு காரணம். உங்கள் வீட்டுக்காரர் நல்லவர், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடி_பக்தன்:
நான் இருபது வருடத்துக்கு மேலாக இயேசு பக்தன், சென்னை. யாராவது கேட்டால் அந்த வார்த்தையைத்தான் சொல்வேன், பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. நாம் புதிதாக முளைத்தவர்கள் என்று நினைக்காதீர்கள். ஆந்திராவில் சுப்பா ராவ் என்று ஒரு ஆசிரியர், 1942ல் கிறிஸ்துவின் தரிசனம் கண்டவர், ஞானஸ்நானம் வேண்டாம் என்றே பாடிப் பேசி வந்தார், அவர் பின்னால் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். சென்னை குருகுலம் என்ற லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் 1980களில் நம்மைப் போன்றவர்களைத் தேடிப் போய் ஆய்வே செய்தார், சபைக்கு வெளியே இவ்வளவு பேரா என்று சபைக்காரர்களே அசந்துபோனார்கள்.

எலியாவின்_காகம்:
பக்தன் அண்ணே, சபை இல்லாமல் தனியாக நின்றால் கஷ்டகாலத்தில் யார் வருவார்? அப்போஸ்தலர் காலத்திலும் பெயருக்காக அடி வாங்கினவர்கள் இருந்தார்கள், அதை மறைத்துக்கொண்டா போனார்கள்?

வைகைக்_கணக்கு:
தம்பி, அடி வாங்குவது நீங்கள் என்றால் தாராளமாகப் பேசலாம். பத்தாவது படிக்கிற பிள்ளையின் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றி. விவாகரத்துச் சட்டம் எனக்குத் தெரியவே தெரியாது, வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், சிரித்தார். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு முகம் சரியில்லை. கம்பெனியில் கேட்டால் "இயேசுவைக் கும்பிடுறவ" என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் காகம் தம்பி கேட்ட கேள்வி எனக்கும் இருக்கிறது. பக்தன் ஐயா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள்? வீட்டில் சாவு என்றால் யார் வந்து ஜெபம் பண்ணுவார்கள்?

கிணற்றடி_பக்தன்:
ஞாயிறு மாலை எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம், சாவுக்கும் அவர்கள்தான் வந்தார்கள். என் அப்பாவைத் தகனம் செய்தோம், சங்கீதம் 23 வாசித்தோம். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை.