கோர்ட் ஃபீஸ் கட்டாத அப்பீல்: சோம்பேறித்தனமா, அநியாயமா?

மன்னை மைந்தன்: நேற்று இங்கே ஒருத்தர், "ஃபீஸ் கட்டாமல் அப்பீல் தள்ளுபடி ஆனால் அது அவனவன் சோம்பேறித்தனம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வயிறு எரிகிறது. எங்கள் தெருப் பெரியவர் ரெண்டு மா நிலத்துக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர். முன்சீப் கோர்ட்டில் தோற்றார், அப்பீல் போட்டார். ஃபீஸ் குறைகிறது, கட்டு என்றார்கள். கையில் காசில்லை. தள்ளிவிட்டார்கள். நிலம் யாருடையது என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

வடவாற்றங்கரை: எழுதியது நான்தான். தஞ்சாவூரில் வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன். சிவில் நடைமுறைச் சட்டம் 149ஆம் பிரிவைப் படித்துவிட்டு எரியட்டும் வயிறு. குறைந்த ஃபீஸைப் பிறகு கட்ட கோர்ட் அனுமதிக்கலாம். கட்டிவிட்டால் முதல் நாளே கட்டிய மாதிரிதான். அப்பீலுக்கும் அது செல்லும் என்று 1970ல் மன்னன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. பெரியவர் அவகாசம் கேட்டு மனு போட்டாரா?

மன்னை மைந்தன்: அவகாசம் வாங்கி என்ன செய்ய? மேட்டூர் திறக்கும் நேரத்தில் விதைக்கும் உரத்துக்குமே கடன். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடைபோட்டு, பணம் ஏறுவதற்குள் மாசி ஆகிவிடும். அதுவரை கோர்ட் காத்திருக்குமா?

வடவாற்றங்கரை: கேட்டாரா, இல்லையா? அதைச் சொல்லு. முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாய் இருந்த ஃபீஸை 2017ல் மூன்று ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து லட்சம் மதிப்புக்கு 75,000 கட்டிய இடத்தில் இப்போது 30,000. அதற்கும் அழுகையா?

ஐயாறு அன்னம்: ஐயா, 30,000 உங்களுக்குச் சில்லறையாக இருக்கலாம். அதே சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 44 எதற்கு இருக்கிறது? வசதி இல்லாதவர் ஃபீஸ் இல்லாமலே அப்பீல் போட அனுமதி கேட்கலாம். வழக்கில் கிடக்கும் நிலத்தை அவர் சொத்துக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு. இதையெல்லாம் கட்சிக்காரரிடம் எந்தக் குமாஸ்தா வாயைத் திறந்து சொல்கிறார்?

வடவாற்றங்கரை: குமாஸ்தா மேல் பாயாதீர்கள் அம்மா. ஆர்டர் 44 எனக்குத் தெரியாததா? மனு போட்டால் விசாரிப்பார்கள், மாடி வீடும் டிராக்டரும் வெளியே வரும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் போடுவதில்லை. நான் கேட்டது வேறு. அவகாசம் கேட்டாரா?

குடந்தைக் கோபி: மன்னார்குடிக்காரருக்கு இதெல்லாம் ஒரு குறையா? திருவாரூர் ஜில்லா, அதனால் ஹைகோர்ட் என்றால் அவருக்குச் சென்னை. ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் படுத்தால் விடிந்ததும் எழும்பூர். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த பாவத்துக்கு நாங்கள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு பஸ் மாறி மாறிப் போகிறோம்.

மன்னை மைந்தன்: ரயில் டிக்கெட்டை நீ எடுத்துத் தருவாயா? பேச்சை மாற்றாதே.

வடவாற்றங்கரை: மாற்றுகிறவர் யார்? காவிரி விவாதத்திலும் இப்படித்தான். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வந்த பிறகும், நடுவர் மன்றம் முன்பு சொன்ன 192, 192 என்று மல்லுக்கு நின்றவர்தானே நீ. கணக்கு வராது, சட்டமும் வராது, கோபம் மட்டும் வரும்.

மன்னை மைந்தன்: 192ஓ 177ஓ, கடைமடைக்கு வந்து சேர்ந்தால் சொல்லுங்கள். எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது வடவாற்றங்கரையில் உட்கார்ந்து கணக்குப் பேசலாம்.

ஐயாறு அன்னம்: நான் ஆர்டர் 44 பற்றிக் கேட்டேன். அது தண்ணீரோடு போய்விட்டதா?

வடவாற்றங்கரை: அப்பீலை ஏற்று எண் கொடுக்கும் முன் கோர்ட் போடும் எஸ்.ஆர். நம்பர் என்ன, எத்தனை தடவை ரிட்டர்ன் ஆனது, என்ன குறை எழுதித் திருப்பினார்கள்? கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தாயா? காற்றில் கேஸ் நடத்தாதே தம்பி.

மன்னை மைந்தன்: கட்டு எங்கே இருக்கிறது? வக்கீல் கையில். பாக்கி ஃபீஸ் வைத்தால்தான் தருவாராம்.

வடவாற்றங்கரை: ஆக, பாக்கி வக்கீலுக்கு! கோர்ட் ஃபீஸை ஏன் இழுத்தாய்?

மன்னை மைந்தன்: ரெண்டும்தான் பாக்கி. முதல் பதிவை மறுபடி படியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

குடந்தைக் கோபி: குமாஸ்தா பங்கும் அந்தப் பாக்கியில் இருக்கோ? அதான் இவ்வளவு சூடு.

வடவாற்றங்கரை: கோபி, உனக்குத் தனியாக வருகிறேன்.