அந்த டாலர் குறிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்

எட்டங்குலம்:
"டாஸை பில் கேட்ஸ் உட்கார்ந்து எழுதினார், அதற்கு முன்னால் சின்ன கம்ப்யூட்டர்களுக்கு என்று உருப்படியான இயங்குதளமே கிடையாது" என்று பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே பாராட்டு மழை வேறு. அந்தத் திரியைப் பூட்டிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

கேரி கிள்டால் 1974-லேயே இன்டெல் 8080 சிப்புக்கு சிபிஎம் என்ற இயங்குதளத்தை எழுதிவிட்டார். டாஸ் என்று மைக்ரோசாஃப்ட் விற்றது, சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற கம்பெனியில் டிம் பேட்டர்சன் 1980-ல் எழுதிய சரக்கு. முதலில் 25,000 டாலருக்கு உரிமம், 1981 ஜூலையில் இன்னொரு 50,000 கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சரக்கும் சிபிஎம்மைப் பார்த்து எழுதியதுதான்.

ஆதாரம் வேண்டுமா? ஃபங்ஷன் 9. நிரல்கள் இயங்குதளத்திடம் எண் சொல்லிக் கேட்கும் சேவைகளில், திரையில் ஒரு வரியைக் காட்டச் சொல்வது இது. சிபிஎம்மில் அந்த வரி டாலர் குறியில் முடிய வேண்டும். டாஸிலும் அதே 9, அதே டாலர். ஏன் டாலர் என்று பில்லையே கேளுங்கள், அவருக்குத் தெரியாது என்று கிள்டாலே நக்கலடித்திருக்கிறார். இங்கே யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

பழையபிளாப்பி:
ஆரம்பித்துவிட்டாரா! பில் கேட்ஸ் எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து ஒரே தாவாகத் திருட்டுக்குப் போய்விட்டீர்களே.

சியாட்டில் கம்பெனி, இன்டெல்லின் அடுத்த சிப்பான 8086 வைத்த அட்டையை 1979-லேயே விற்க ஆரம்பித்துவிட்டது. அதில் ஓட்ட இயங்குதளம் இல்லை. கிள்டாலின் கம்பெனியான டிஜிட்டல் ரிசர்ச், 8086-க்கான சிபிஎம்-86 இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்துக்கொண்டே போனது. பேட்டர்சன் எவ்வளவு நாள் காத்திருப்பார்? 8080 நிரல்களை 8086-க்கு மாற்றித் தரும் வழியை இன்டெல்லே கொடுத்திருந்தது. மாற்றிய நிரல் ஓட வேண்டுமானால் சேவை எண்கள் பழையபடியே இருக்க வேண்டும். அதனால் அச்சிட்டு விற்ற கையேட்டைப் பார்த்து அதே எண்களை வைத்தார். உள்ளே இருக்கும் வேலை வேறு. சிபிஎம்மில் கோப்பின் அளவே 128 பைட் துண்டுகளாகத்தான் தெரியும், உரைக்கோப்பு எங்கே முடிகிறது என்று சொல்ல கண்ட்ரோல்-இசட் போட வேண்டும். பேட்டர்சன் வைத்தது, கோப்பின் துண்டுகள் வட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் ஃபாட் அட்டவணை. அந்த யோசனை மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் 1977-ல் பேசிக் மொழிக்காகச் செய்தது. கிள்டாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எட்டங்குலம்:
ஃபாட் பற்றி இங்கே யார் கேட்டது? நான் கேட்டது டாலர் குறி.

கொள்ளிடக்கரை:
இவ்வளவு பேச்சே வேண்டாம். புது பி.சி.க்கு இயங்குதளம் கேட்டு ஐபிஎம் ஆட்கள் வீடு தேடி வந்த அன்று கிள்டால் விமானத்தில் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த சீதேவியைத் துரத்திவிட்டு அப்புறம் அழுதால்?

எட்டங்குலம்:
இந்தக் கதையை எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்? அவர் போனது ஓக்லண்டுக்கு, பில் காட்பவுட் என்ற வாடிக்கையாளரைப் பார்க்க. தொழில் வேலை. மதியமே திரும்பிவிட்டார். அதுவரை ஐபிஎம்காரர்களைச் சந்தித்தது அவர் மனைவி டோரதி. கம்பெனியின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டதே அவர்தான். ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட யோசித்தார்கள், அங்கேதான் சிக்கல். 'ஜாலியாக' என்று எங்கே படித்தீர்கள்? வாட்ஸப்பிலா?

அப்புறம், டாலர் குறிக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.

கொள்ளிடக்கரை:
யோசித்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? போடவில்லை என்றுதானே? நான் சொன்னதும் அதுதான்.

ஜீரோபைட்:
ஒரு நிமிடம். வெளியே தெரியும் சேவை எண்களை அதேபடி வைப்பது, உள்ளே இருக்கும் நிரலை வரிக்கு வரி எடுப்பது, இரண்டில் எதைத் திருட்டு என்கிறோம்? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. பாப் ஸைட்மன் 2012-ல் மென்பொருள் தடயவியல் முறையில் சிபிஎம், டாஸ் இரண்டின் நிரலையும் ஒப்பிட்டார், நிரல் நகலெடுத்த தடயம் கிடைக்கவில்லை. 2014-ல் எம்எஸ்-டாஸ் 1.1, 2.0 இரண்டின் மூல நிரலையும், அதே வருடம் சிபிஎம்மின் மூல நிரலையும் கலிபோர்னியாவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. இறக்கிப் படிக்கலாம்.

எட்டங்குலம்:
தம்பி, நிரலைக் கிள்டால் மூலையில் வைத்துப் பூட்டிக்கொள்ளட்டும். பயன்படுத்துகிறவனுக்கும் புரோகிராம் எழுதுகிறவனுக்கும் கண்ணில் படுவது என்ன? சேவை எண்தான். ஃபங்ஷன் 1 விசைப்பலகையில் ஒரு எழுத்து வாங்கும், அங்கேயும் அதே. ஃபங்ஷன் 2 ஒரு எழுத்தைக் காட்டும், அங்கேயும் அதே. சிபிஎம்மில் சி ரிஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில், 9 போட்டு, டிஇ ரிஜிஸ்டரில் வரியின் முகவரி வைத்து, கால் 5 என்று கூப்பிடுவோம். டாஸில் ஏஹெச்சில் 9, டிஎக்ஸில் முகவரி, இன்டரப்ட் 21. போதாததற்கு அந்தக் கால் 5 வாசலையும் டாஸுக்குள் விட்டுவைத்திருக்கிறார்கள். வரியை முடிக்க உலகத்தில் எத்தனையோ குறி இருக்கிறது. பூஜ்யம் இருக்கிறது. தலையில் நீளத்தை எழுதி வைக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு டாலர்! திரையில் விலை காட்ட வேண்டுமென்றாலே தகராறு பண்ணும் குறி அது. யோசித்து எழுதுகிறவன் எவனாவது அதைத் தேர்ந்தெடுப்பானா?

பழையபிளாப்பி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக வைத்தார். காரணத்தைச் சொன்னால் பதிலே வரவில்லை என்கிறீர்கள்.

எட்டங்குலம்:
காரணம் வேறு, பதில் வேறு. பேட்டர்சன் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றதையும் சொல்லுங்களேன். 2004-ல் வந்த ஒரு புத்தகம் கிள்டால் பக்கம் பேசியது. மறு வருஷம் அவதூறு வழக்குப் போட்டார். 2007-ல் தள்ளுபடி. முடிந்தது கதை.

பழையபிளாப்பி:
பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துப்புகிறீர்கள். புத்தகத்தில் இருப்பது கருத்து, கருத்துரிமைக்குப் பாதுகாப்பு உண்டு என்றுதான் தள்ளுபடி. பேட்டர்சன் திருடினார் என்று கோர்ட் தீர்ப்பு எழுதவில்லை. யூனிக்ஸ் திரியிலும் இதே வித்தை காட்டினீர்கள், இங்கே நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கிறது.

எட்டங்குலம்:
யூனிக்ஸ் திரியில் மூன்று கேள்வி கேட்டேன், நீங்கள் "குடும்ப வேலை" என்று ஓடினீர்கள். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

தட்டச்சுத்தங்கம்:
நான் இரண்டிலும் வேலை பார்த்தவள். சிபிஎம்மில் கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார். பிளாப்பியை மாற்றிவிட்டு கண்ட்ரோல்-சி அழுத்த மறந்தால், எழுதப் போகும்போது "பிடாஸ் எரர்" என்று மூஞ்சியில் அடிக்கும். அவ்வளவு நேரம் அடித்த கடிதம் போச்சு. கோப்பை நகலெடுக்க பிஐபி, அதிலும் போய்ச் சேரும் இடத்தை முதலில் எழுத வேண்டும். டாஸில் காப்பி என்று போட்டு எங்கிருந்து, எங்கே என்று நேராக எழுதலாம். யார் யாரிடம் எடுத்தார்களோ, என் விரலுக்கு டாஸ்தான் நிம்மதி.

எட்டங்குலம்:
மேடம், கண்ட்ரோல்-சி அழுத்த வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது.

தட்டச்சுத்தங்கம்:
கையேடு மேனேஜர் அலமாரியில் இருந்தது. சாவியும் அவரிடம்தான்.

கொள்ளிடக்கரை:
எல்லாம் சரி, ஜெயித்தது எதனால்? விலை. ஐபிஎம் பி.சி.க்கு டாஸ் 40 டாலர், சிபிஎம்-86 240 டாலர். அதுவும் 1982-ல்தான் கைக்கு வந்தது. 200 டாலர் கூடக் கொடுத்து வாங்க யார் இருக்கிறார்கள்?

எட்டங்குலம்:
அந்த விலையை ஒட்டியது ஐபிஎம்! வழக்குப் போடுவேன் என்று கிள்டால் கிளம்பியதும், உன்னுடையதையும் சேர்த்து விற்கிறோம் என்று சமாதானம் பேசி, வழக்குப் போடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடையில் பார்த்தால் ஒன்று 40, இன்னொன்று 240. மனிதர் அதிர்ந்துபோனார்.

தவிர, நான் கேட்பது வேறு டாலர். வரியின் கடைசியில் வரும் டாலர்.

பழையபிளாப்பி:
கடைசியாக ஒன்று. சிபிஎம்மின் பிஐபி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? டெக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் இருந்தது. நிரலில் பிழை தேடும் டிடிடி? அதுவும் டெக். சாதனத்தின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைப்பது? டெக்கின் டாப்ஸ்-10 இயங்குதளத்தில் பார்க்கலாம். அப்படியானால் உங்கள் கிள்டால் யார்?

எட்டங்குலம்:
டெக்கில் ஃபங்ஷன் 9 இருந்ததா? டாலரில் முடிந்ததா?

பழையபிளாப்பி:
நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்!

ஜீரோபைட்:
இன்னொரு தடவை கேட்கிறேன், திருட்டு என்று நாம் எதைச்...

எட்டங்குலம்:
தம்பி, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொள்ளிடக்கரை:
1988-ல் டிஜிட்டல் ரிசர்ச் டிஆர்-டாஸ் என்று ஒன்று விட்டார்களே. எம்எஸ்-டாஸில் ஓடும் நிரலெல்லாம் அதிலும் ஓடும். அது யாரைப் பார்த்து எழுதியது?

எட்டங்குலம்:
அது தன் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பழையபிளாப்பி:
அடேயப்பா! அவர் எடுத்தால் சொத்து, பேட்டர்சன் எடுத்தால் களவு. அந்தச் சொத்தில் ஃபாட் அட்டவணையும் இருந்ததே, அது எந்தப் பாட்டன் எழுதி வைத்தது?

எட்டங்குலம்:
மறுபடியும் ஃபாட்! தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.